எள்ளுவீட்டுச் சொர்ணம் கட்டிய பொட்டலங்கள்

சொர்ணத்துக்கு வாய் நீளம் என்று திருவரங்குளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கை நீளம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லிவிட முடியாது. சிவன் கோயில் வாசலில் இருபத்தாறு வருஷமாகப் பூ விற்கிறவள், முழம் போடும்போது முழங்கையை மடக்கி ஏமாற்றியது கிடையாது. "என் கை குட்டை, ஒங்க கையால அளந்துக்கங்க" என்று சரத்தை வாங்க வருகிறவர்களிடமே கொடுத்துவிடுவாள். அவர்கள் கொஞ்சம் தாராளமாக நீட்டி அளந்தால், "ஏன் ஆத்தா, காலையும் சேத்து அளந்துக்கயேன்" என்றும் கேட்பாள்.

அந்த நாணயத்துக்காகத்தான் கண்மாய்க்கரை அய்யனார் கோயில் பொட்டலம் அவள் கைக்கு வந்தது. பெண் கொடுப்பதோ, கிணறு வெட்டுவதோ, உடம்பில் கத்தி வைப்பதோ, அய்யனாரிடம் பூப்போட்டுப் பார்க்காமல் அந்தப் பக்கத்து ஆட்கள் செய்ய மாட்டார்கள். ஒரு பூவரச இலைக்குள் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றுக்குள் செவ்வரளி. இரண்டையும் ஒரே அளவாக மடித்து, ஒரே வாழைநாரில், ஒரே முடிச்சாகக் கட்டவேண்டும். கட்டியவளுக்கே எது எதுவென்று தெரியக்கூடாது என்பதால் மடியில் போட்டுக் குலுக்கித்தான் பூசாரி நாகராசுவிடம் கொடுப்பாள். அவர் சாமி காலடியில் வைப்பார். கேட்க வந்தவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். கட்டியவர் கை எடுக்கக்கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூடாது, அப்படியே கண்மாயில் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை கேட்ட கேள்வியை மறுதடவை கேட்கவும் கூடாது.

ஒருமுறை, பங்காளியோடு தகராறில் இருந்த ஓர் ஆள் வந்து, "ரெண்டுலயும் வெள்ளையே வச்சிரு ஆத்தா, யாருக்குத் தெரியப்போகுது" என்று மெதுவாகச் சொன்னான். சொர்ணம் பூக்கூடையில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அப்படியே எடுத்து அவன் மேல் ஊற்றினாள். "சாமிக்கே மொழம் மடக்கச் சொல்றியாடா" என்று அவள் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப்பு வரை கேட்டது. இந்தக் கதையை அவளே பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். பிற்பாடு அதை யாராவது நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு எள்ளுவீடு என்று பெயர். எள் விதைத்து வந்த பெயரல்ல. அந்த வீட்டு ஆட்களுக்கு உதட்டிலும் கண் இமையிலும் எள்ளைத் தெளித்தது போலப் புள்ளி புள்ளியாக மச்சம் இருக்கும். அவள் புருஷன் ரெங்கசாமிக்கு இருந்தது. அவர் அப்பாவுக்கும் இருந்தது. அந்த மனிதர் நாற்பத்தொரு வயதில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது குனிந்தவர் நிமிரவில்லை. ரெங்கசாமியின் அக்கா ராக்காயிக்கும் இருந்தது. முப்பது வயதில் தண்ணீர் சேந்தப் போனவள் கிணற்றுக்குள் கிடந்தாள். விழுந்தாளா, குதித்தாளா என்று ஊர் இரண்டு வருஷம் பேசி, குதித்தாள் என்று முடிவுகட்டியது. புருஷன் கொடுமை என்றார்கள். அந்தப் புருஷன் நிமிர்ந்து நடக்காமலே செத்தும் போனான்.

எள்ளுவீட்டில் ஆயுசு கொஞ்சம் குறைச்சல், ஆனாலும் மச்சம் லட்சுமி என்று பெரியவர்கள் தேற்றிக்கொண்டார்கள். ஒரே மகள் வைஷ்ணவிக்குப் பதிமூன்று வயதில் கீழுதட்டில் புள்ளிகள் எழும்பியபோது சொர்ணம் சந்தோஷப்பட்டாள். மூக்குத்தி போட்டதைவிட எடுப்பாக இருக்கிறது என்று தானே நெட்டி முறித்தாள்.

ரெங்கசாமி டாடா ஏஸ் ஓட்டினார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பறிக்கிற பூவை மூட்டை மூட்டையாகப் புதுக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. நாற்பத்தெட்டாவது வயதில் அவருக்கு இளைப்பு கண்டது. பக்கத்து டாக்டர் வீசிங் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தின்றும் கேட்கவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிட்டது. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டார். "வண்டி ஓட்டி ஓட்டி ஒங்களுக்கு சீட்டுல ஒக்காந்தாத்தான் தூக்கம் வருது" என்று சொர்ணம் கேலி செய்தாள். அந்தக் கேலிக்காக அவள் பின்னால் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

ஒரு பங்குனி மாதக் காலையில் மார்க்கெட்டில் சம்பங்கி மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே விழுந்தார். புதுக்கோட்டையில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே இதய அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் பிரகதீஸ்வரி, எக்கோ எடுக்கும்போது சொர்ணத்தையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இதயத்தின் இடது மேல் அறையில், கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது வால்வுக்குள் இறங்கியது, ஏறியது. தன் புருஷன் நெஞ்சுக்குள் வேறொருவர் குடியிருப்பதை ஒளிந்திருந்து பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

"இது கேன்சர் இல்லம்மா. ஆனா கேன்சரை விட அவசரம். குனியும்போதோ படுக்கும்போதோ வால்வுல போய் உக்காந்துட்டா ரத்த ஓட்டம் நின்னுரும். ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போனா கை கால் விழுந்துரும். லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. நேரத்தோட எடுத்துட்டா நல்லா இருப்பாங்க" என்றார் டாக்டர்.

ரெங்கசாமி கையெழுத்துப் போட மறுத்தார். "அய்யனார்கிட்ட கேக்காம மேல கத்தி வைக்க மாட்டேன். சொர்ணம், நீ போயி கட்டிக் கேட்டுட்டு வா" என்றார். டாக்டர் ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

சொர்ணம் ஊருக்கு வந்து கட்டினாள். நார் இரண்டு முறை அறுந்தது. ஆனாலும் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, மடியில் குலுக்கல் என்று முறை தவறாமல்தான் கட்டினாள். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தப்பு செய்திருப்பாள். கட்டியவள் எடுக்கக்கூடாதே என்று அப்பாவுக்காக வைஷ்ணவிதான் எடுத்தாள். இலையைப் பிரித்ததும் நந்தியாவட்டை வெள்ளையாகச் சிரித்தது. தாயும் மகளும் கோயில் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் நெஞ்சைப் பிளந்து, ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, இதயத்தை நிறுத்திவைத்துக் கட்டியை வேரோடு எடுத்தார்கள். வேர் இருந்த சதையையும் வெட்டி, ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். வெளியே வந்த டாக்டர் அதை ஒரு புட்டியில் காட்டினார். நுங்கு போல வழுவழுவென்று இருந்தது. இத்தனை சின்ன ஒன்றா தன் வீட்டை ஆட்டிவைத்தது என்று சொர்ணத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போதுதான் டாக்டர் பிரகதீஸ்வரி ரெங்கசாமியின் உதட்டை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் புள்ளிங்க பொறந்ததுலருந்தே இருக்கா?"

"எங்க வகையிலயே இருக்குங்கம்மா. அதனாலதான் எள்ளுவீடுன்னே பேரு" என்றார் ரெங்கசாமி பெருமையாக.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். ரெங்கசாமி அப்பாவைச் சொன்னார். அக்காவைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, அப்ப எங்கக்கா குதிக்கலையா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா சில குடும்பத்துல இந்தப் புள்ளியோட சேந்து இந்தக் கட்டியும் வழிவழியா வரும். அந்தக் குடும்பத்துல எடுத்தாலும் திரும்ப வரலாம். நீங்க வருஷா வருஷம் எக்கோ எடுக்கணும். ஒங்க புள்ளைங்களுக்குப் புள்ளி இருக்கா?"

"மக இருக்காம்மா. இருக்கு."

"உடனே கூட்டிட்டு வாங்க. கத்தி இல்ல, ஊசி இல்ல. பத்து நிமிஷம்."

பஸ்ஸில் ஊருக்கு வரும் வழியெல்லாம் ரெங்கசாமி அக்காவை நினைத்து அழுதுகொண்டே வந்தார். சொர்ணம் அழவில்லை. அவள் மனதில் ஓடியது வேறு. வைஷ்ணவிக்கு நிச்சயம் முடிந்து பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை தமிழ்செல்வன் குளத்தூர்க்காரர், திருச்சியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான பையன். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள். இந்த நேரத்தில் நெஞ்சைச் சோதிக்கப் பெண்ணைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனால், பஸ் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் செய்தி குளத்தூருக்குப் போய்விடும். அப்பனுக்கு இருந்தது மகளுக்கும் இருக்காம் என்பார்கள். அப்புறம் அந்த வாசலை யார் மிதிப்பார்கள்?

"கல்யாணம் முடியட்டுங்க. நாப்பது நாள்ல என்ன ஆகிடப்போகுது" என்றாள்.

"எங்கக்காவுக்கு நாப்பது நொடி ஆச்சா? நாளைக்கே பாத்துருவோம்."

"பாத்து, இருக்குன்னு சொல்லிட்டா? அவ காலம் பூராவும் இந்த வீட்டுல நார் கிழிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?"

இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. வைஷ்ணவி காதில் விழாமல் தோட்டத்துப் பக்கம் போய்ப் போய்ச் சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் ரெங்கசாமி ஓய்ந்துபோய், "ஒன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். எனக்கு வழிகாட்டுன அய்யனார் அவளுக்கும் காட்டட்டும். கேட்டுருவோம்" என்றார்.

அன்று காலை சொர்ணம் முற்றத்தில் இலையை விரித்துவைத்து உட்கார்ந்தாள். முதல் இலையில் செவ்வரளியை வைத்து மடித்தாள். இரண்டாவது இலையை எடுத்தாள். நந்தியாவட்டைக் குவியல் வலது பக்கம் இருந்தது. அவள் கை மறுபடியும் செவ்வரளி இருந்த இடது பக்கமே போனது. நாற்பது நாளுக்கு மட்டும்தான், கல்யாணம் முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், அதுவரை மன்னித்துக்கொள் என்று அய்யனாரிடம் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டாள். முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு அந்த இரண்டு பொட்டலமும் ஒன்றுபோல அமைந்தன. பழக்கத்தில் மடியில் போட்டுக் குலுக்கவும் செய்தாள்.

ரெங்கசாமி எடுத்தார். பிரித்தார். உள்ளே சிவப்பு. "வேணாங்கிறாரு. அப்ப அவளுக்கு ஒண்ணும் இல்லை போலருக்கு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு பொட்டலத்தை அவளே கொண்டுபோய்க் கண்மாயில் போட்டாள். அது மிதந்தது. அமிழும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

வைகாசியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சம்பந்தியம்மாள் மணிமேகலை மருமகள் உதட்டைத் தொட்டு, "மதினி, இந்த மச்சத்துக்காகவே ஒங்க மகள எடுத்தோம்" என்று சொன்னபோது சொர்ணம் சிரித்துவைத்தாள்.

விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பேச்சை மெல்ல எடுத்தாள். "ஏங்க, இப்பக் கூட்டிட்டுப் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோமா?"

ரெங்கசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன புள்ள பேசுற? சாமி வேணாமுன்னு சொன்னதுக்கு மேல போயி நோண்டச் சொல்றியா? ஒங்கையாலதானே கட்டுன?"

தான் வெட்டிய குழி எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் சொர்ணத்துக்குத் தெரிந்தது. நாற்பது நாளுக்கென்று அவள் கேட்டாள். ஆனால் சாமி வாக்குக்குக் கெடு கிடையாது. அதைக் கலைக்க வேண்டுமானால் தன் வாயால் சொல்ல வேண்டும். வாய் நீளமான சொர்ணத்துக்கு அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையை விட்டு ஏறவில்லை. மூன்றாம் மாத செக்கப்புக்குப் போனபோது டாக்டர் மகளைப் பற்றிக் கேட்டார். ரெங்கசாமி பூவைப் பற்றிச் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்தாலும் அடக்கிக்கொண்டு, "ஒங்களுக்கு உத்தரவு கொடுத்த சாமி ஒங்க பொண்ணுக்கு மட்டும் ஏங்க கொடுக்காமப் போகும்?" என்று கேட்டார். சொர்ணம் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தாள்.

ஆடிக்கு மகளை அழைத்து வந்தார்கள். வந்த மறுநாள் மத்தியானம், சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்த வைஷ்ணவியைச் சொர்ணம் பார்த்தாள். பாய் விரித்தபடி கிடந்தது. மகள் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, படுத்துத் தூங்கலாம்ல?" கேட்டுக்கொண்டே மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"படுத்தா என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கும்மா. அதுவும் இடது பக்கம் திரும்பவே முடியல. சாஞ்சுக்கிட்டா சரியாயிருது. குளத்தூர்ல தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ."

சொர்ணம் அன்று சாயங்காலமே நாகராசுவிடம் ஓடினாள். அதே கேள்வியை மறுக்கா கேட்க ஏதாவது வழி உண்டா என்று கெஞ்சினாள். பூசாரி தலையை ஆட்டினார். "ஒனக்குத் தெரியாததா ஆத்தா? மறுக்கா கேட்டா சாமிய சந்தேகப்படுறதுல்ல." நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று திரும்பி வந்தாள். மறுநாள் ரெங்கசாமி மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆடிப்பெருக்கு முடியட்டும் என்று நினைத்தாள். பெருக்கும் முடிந்தது, ஆடியும் முடிந்தது. மாப்பிள்ளை வந்து மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை நாளும் ஒவ்வொரு காலையும் சொர்ணம் போனைப் பார்த்தே கண் விழித்தாள். அது அடிக்காவிட்டால் இன்றைக்குத் தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

ஆவணி பிறந்து பத்தாம் நாள் போன் அடித்தது. மணிமேகலைதான். "மதினி, கோலம் போடக் குனிஞ்ச புள்ள விழுந்துருச்சு. கண்ணைத் தொறந்துருக்கு, பேச்சு வரல. வலது கை தொவளுது."

தஞ்சாவூரில் அதே வராந்தாவில் சொர்ணம் மறுபடி நின்றாள். மகள் நெஞ்சிலும் அதே இடத்தில் கட்டி. அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை, அதனால் காத்திருக்க வேண்டாம், மிச்சக் கட்டி எப்போது உடையும் என்று சொல்ல முடியாது, நாளைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர் பிரகதீஸ்வரி. தமிழ்செல்வன் மாமனாரைப் பார்த்தார். "மாமா, நீங்க இதுல அடிபட்டவங்க. நீங்க சொன்னா கையெழுத்துப் போடுறேன்."

ரெங்கசாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் ஓடலப்பா. இவளுக்குச் சாமி வேணாமுன்னு சொல்லிருச்சு. சோதிக்கவே வேணாமுன்ன சாமி, வெட்டச் சம்மதிக்குமா? வச்ச கத்தியிலேயே போயிட்டா?"

"என்ன சாமி? எப்பக் கேட்டீங்க?" என்றாள் மணிமேகலை. பேனா தமிழ்செல்வன் கையில் அப்படியே நின்றது.

"சாமி சொல்லல" என்றாள் சொர்ணம். எல்லாரும் திரும்பினார்கள். "சாமி ஒண்ணுமே சொல்லல. நான்தான் சொன்னேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வச்சேன். கல்யாணம் நின்னுருமுன்னு வச்சேன். போடுங்க மாப்பிள்ளை, கையெழுத்தப் போடுங்க. எம்மகளக் காப்பாத்துங்க."

"தெரிஞ்சேவா மதினி? எங்ககிட்ட மறைச்சது போகட்டும், பெத்த புள்ளகிட்டயுமா?" என்று மணிமேகலை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தமிழ்செல்வன் கையெழுத்துப் போட்டார். ரெங்கசாமி எழுந்து சொர்ணத்துக்கு எதிரே வந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எனக்குக் கட்டுனதும் அப்படித்தானா?" என்று கேட்டார். "ரெண்டுலயும் வெள்ளையா?"

"அய்யனார் மேல சத்தியமா இல்லீங்க. ஒங்களுக்கு நெசமாத்தான் கட்டுனேன்."

"அய்யனார் மேலயா" என்றார் அவர். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

வைஷ்ணவி பிழைத்தாள். கட்டி வேரோடு வந்துவிட்டது, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார்கள். முன்பே எடுத்திருந்தால் கையும் பேச்சும் தப்பியிருக்குமா என்று சொர்ணம் டாக்டரைக் கேட்டாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பேச்சு திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித்தான் வந்தது. வலது கை முழங்கைவரை அசைந்தது, விரல் மடங்கவில்லை. தமிழ்செல்வன் அவளைக் கைவிடவில்லை. கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று எந்தப் பையனுக்காகப் பயந்தாளோ, அவர்தான் வாராவாரம் திருச்சியிலிருந்து வந்து, தாய்வீட்டில் இருந்த பெண்டாட்டியின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கப் பழக்கினார். அதைச் சொர்ணம் வாசல்படியில் நின்று பார்த்தாள். சொல்லியிருந்தால் அன்றைக்கும் இவர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தெரிந்துபோனது.

பொட்டலம் கட்டுவதை அவள் விட்டுவிட்டாள். விஷயம் ஊரில் பரவியிருந்ததால் கட்டச் சொல்லிக் கேட்டு யாரும் வரவும் இல்லை. சிவன் கோயில் வாசலில் பூ மட்டும் விற்றாள். வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் முழத்தைத் தாங்களே ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்கள்.

மறுவருஷ எக்கோவில் ரெங்கசாமிக்கு ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வருஷம் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை வலது அறையில், நெல்லிக்காய் அளவு. "பழைய இடம் சுத்தமா இருக்கு. இது புதுசு. ரெண்டாவது தடவை நெஞ்சைத் திறக்கிறது கொஞ்சம் கஷ்டந்தான். ஆனா நேரத்தோட வந்துருக்கீங்க. பண்ணிரலாம்" என்றார்.

"வேணாங்கம்மா" என்றார் ரெங்கசாமி. கோபமே இல்லாமல் சொன்னார். "மொதத் தடவையே உத்தரவு இல்லாமத்தான் அறுத்திருக்கு. அதான் மறுபடி மொளைக்குது. இத்தன நாள் இருந்ததே சாமி போட்ட பிச்சை."

சொர்ணம் காலில் விழுந்து பார்த்தாள். எனக்குக் கட்டியது நிஜம், நிஜம் என்று அவள் சொல்லச் சொல்ல அவருக்கு அது பொய்யாகவே பட்டது. ஒரு பொய்யைச் சொல்லி, தன் வாழ்நாளில் சொன்ன மெய்யையெல்லாம் அவள் தொலைத்திருந்தாள். அவர் மறுபடி சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்துவிடுவாரோ என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வைஷ்ணவிதான் அப்பாவைக் கரைத்தாள். "இது... புதுக் கட்டி. புதுக்... கேள்வி. கேக்கலாம்... அப்பா" என்று ஒரு நாள் முழுக்க அதையே சொன்னாள். நாகராசுவும் கேட்கலாம் என்றார்.

"சரி. ஆனா நான் கட்டுறேன். அவ கை படக்கூடாது" என்றார் ரெங்கசாமி.

ஸ்டியரிங் பிடித்த கைக்கு நார் வசப்படவில்லை. இலை கிழிந்தது, முடிச்சு அவிழ்ந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி இரண்டு பொட்டலம் கட்டினார். துண்டில் போட்டு நன்றாகக் குலுக்கினார். நாகராசு வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். சொர்ணம் தள்ளி, மண்குதிரை ஓரமாக நின்றாள். கட்டியவர் எடுக்கக்கூடாது என்பதால் ரெங்கசாமி மகளைப் பார்த்து, "நீ எடு ஆத்தா. அன்னைக்கும் நீதானே எடுத்த" என்றார்.

வைஷ்ணவி குனியப் பயந்து, மெல்ல மண்டியிட்டாள். அப்போதுதான் சொர்ணம் கவனித்தாள். இடது பக்கப் பொட்டலத்தின் இலை மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அதற்குள் சிவப்பு தெரிந்தது. ரெங்கசாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாகராசு கற்பூரத்தோடு இருந்தார். பூவோடு இருபத்தெட்டு வருஷம் கிடந்த கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

வைஷ்ணவியின் இடது கை முதலில் அந்த இடது பக்கப் பொட்டலத்தின் மேல்தான் போனது. போன கை நின்றது. அவள் அந்தக் கிழிசலைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, மண்குதிரையோரம் நின்ற அம்மாவை ஒரே ஒரு கணம் பார்த்தாள். அவளும் பூக்காரி மகள்தானே. கையை நகர்த்தி மற்றதை எடுத்தாள்.

ரெங்கசாமி பிரித்தார். நந்தியாவட்டை. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். பிறகு எழுந்து வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பெண்டாட்டி பெயரைச் சொன்னார். "சொர்ணம், இது நெசமான பூ. எங்கையால கட்டுனது. இதுல சூது இல்ல. தஞ்சாவூருக்குப் போன் போடு, வியாழக்கிழமை வாரோமுன்னு சொல்லு."

"ஆமாங்க, நெசந்தான்" என்றாள் சொர்ணம்.

அவர் முன்னால் நடந்தார். வைஷ்ணவி மிச்சப் பொட்டலத்தைக் கண்மாயில் போட்டாள். அது கிழிந்த பக்கமாகத் தண்ணீர் குடித்துச் சீக்கிரமே அமிழ்ந்தது. மகள் அம்மாவின் காதருகே வந்து, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"எனக்கு... மறுபடி வந்தா... நீயே கட்டும்மா."

சொர்ணம் மகளின் மடங்காத வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். முன்னால் போகிறவருக்குக் கேட்டுவிடாமல் அழுதபடி, இருவரும் கண்மாய்க்கரையில் நடந்தார்கள்.